சேலத்துக்கு விமானம்: வந்தது, நின்றது, மறுபடி வந்தது!

"எங்க ஊருக்கு மட்டும் ஏன் பிளேன் வரலை?" என்று கேட்காத ஊர் இல்லை. கம்பெனிக்காரர்கள் பார்ப்பது சீட்டுக் கணக்கு. போகும்போது நிரம்பி, திரும்பும்போது காலி என்றால் கட்டுப்படியாகாது!

சேலம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருந்தும் பல வருஷம் பிளேன் இல்லை. 2018 மார்ச்சில் ‘ட்ரூஜெட்’ சென்னைக்குப் பறந்தது. ‘உடான்’ திட்டம்தான் காரணம். ஏறத்தாழ பாதி சீட்டை மலிவு விலைக்குக் கொடுக்க வேண்டும். துண்டு விழுவதை 3 ஆண்டுக்கு அரசு ஈடுகட்டும். இதிலும் போட்டி உண்டு. குறைந்த மானியம் கேட்கும் கம்பெனிக்கே ரூட்!

மானியத்தை நம்பி வந்த சர்வீஸ் எத்தனை நாள் ஓடும்? 2021-ல் நின்றேவிட்டது. அவசரக்காரர்களுக்கு மறுபடி ரயில், பஸ்தான். 2023 அக்டோபரில் ‘இண்டிகோ’ வந்து சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. சுமார் 1 மணி நேரப் பயணம்.