நம்பலாம் என்று சொன்னேன்

பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ரேஷனில் சர்க்கரை எப்போது வரும், பையன் எந்தப் பரீட்சை எழுதினால் உத்தியோகம் கிடைக்கும் என்றெல்லாம் நம்மிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தால் நான் செய்த ஒரு தவறை இன்று எழுதுகிறேன்.

அன்றைய பம்பாயில் நான் உதவி ஆசிரியனாக இருந்தபோது, தாராவியில் எனக்கொரு நண்பர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். பரேலில் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தா. மில் ஹாக்கி அணியில் இடது ஓரத்தில் ஆடுவார். பந்து கிடைத்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.

1975 மார்ச் 15-ஆம் தேதி கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். டீக்கடை வாசலில் ஒரே டிரான்ஸிஸ்டரைச் சுற்றி அறுபது பேர். முதல் கோல் பாகிஸ்தானுக்கு. சுர்ஜித் சிங் அதைச் சமன் செய்தார். தியான்சந்தின் மகன் அசோக் குமார் இரண்டாவது கோலைப் போட்டார். சென்னையின் வி.ஜே. பிலிப்ஸும் அந்த அணியில் இருந்தார் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை. 2-1 என்று கேட்டதும் நண்பர் என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

1982 ஜனவரி 18-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே நின்றார்கள். பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. நண்பரின் ஆலையும் அப்படித்தான்.

மறு ஆண்டு எங்கள் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் வந்தது. வளைகுடாவில் ஸ்டோர் கீப்பர் வேலை, நல்ல சம்பளம். அதைக் கத்தரித்துக்கொண்டு நண்பர் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"உங்க பேப்பர்லதானே வந்திருக்கு அண்ணாச்சி? நம்பிப் போகலாம்லா?"

விளம்பரப் பகுதியில் எதை விசாரிக்கிறார்கள், எதை விசாரிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. ஆனால், "நம்பலாம் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

மனைவியின் நகையை விற்று ஏஜெண்டுக்குப் பணம் கட்டினார். அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஸ்டோரும் இல்லை, கணக்கும் இல்லை. கட்டடத்தில் கம்பி சுமக்கும் வேலை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் 'சௌக்கியம்' என்றே இருந்தது.

1985-இல் சஹார் விமான நிலையத்தில் அவரை அழைக்கப் போனேன். சாரத்திலிருந்து விழுந்ததில் வலது முழங்கால் மடங்கவில்லை. திட்டுவார் என்று நின்றேன். டாக்ஸியில் ஏறியபின் அவர் கேட்டது இதுதான்: "லாஸ் ஏஞ்சல்ஸ்ல நம்ம ஹாக்கி என்னாச்சு அண்ணாச்சி?"

"அஞ்சாவது இடம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். அதன் பிறகு அவர் மட்டையைத் தொடவில்லை.

அவர் போன அதே ஆண்டின் கடைசியில், 1983 டிசம்பரில், புதிய குடிபெயர்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் சரிபார்க்கலாம். அரசு விதித்த சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு ரசீது கேளுங்கள். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய். டூரிஸ்ட் விசாவில் அனுப்பி, அங்கே போனபின் வேலை விசா மாற்றித் தருகிறேன் என்பவனிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இன்றும் தம்பிமார்கள் என்னிடம் கேட்கிறார்கள், இப்போது செல்போனில் வரும் விளம்பரத்தைக் காட்டி. "பொறு தம்பி, அந்த நம்பரை முதலில் பார்ப்போம்" என்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை. 1983-இல் சொல்லியிருக்க வேண்டும்.