சி நிரல்களில் முழு எண் வழிதலைக் கண்டறிதல்

முழு எண் வழிதல் அல்லது இன்டிஜர் ஓவர்ஃப்ளோ என்பது, ஒரு கணக்கீட்டின் விடை அதற்கென ஒதுக்கப்பட்ட பிட்டுகளில் அடங்காதபோது ஏற்படும் பிழையாகும். குறியுடைய முழு எண்ணாக, 16 பிட்டுகளில் -32,768 முதல் 32,767 வரையும், 32 பிட்டுகளில் அதிக அளவாக 2,147,483,647 வரையும் மட்டுமே சேமிக்க இயலும்.

எடுத்துக்காட்டு

2011 கணக்கெடுப்பின்படி இராஜபாளையத்தின் மக்கள்தொகை 130,442. திருவில்லிபுத்தூரின் மக்கள்தொகை 75,396. டர்போ சி தொகுப்பியில் இன்ட் வகை 16 பிட்டுகள் கொண்டது. அதில் வார்டு வாரியான எண்ணிக்கைகளை ஓர் இன்ட் மாறியில் கூட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வார்டின் எண்ணும் தனித்தனியே அடங்கும்; மொத்தம் அடங்காது. 65,536-இன் மடங்குகள் கழிந்துவிடுவதால், இராஜபாளையத்திற்கு -630 என்றும் திருவில்லிபுத்தூருக்கு 9,860 என்றும் விடை வரும். முதல் விடை தவறு என்பது பார்த்தவுடன் தெரியும். இரண்டாவது, ஒரு சிற்றூரின் மக்கள்தொகை போலவே தோன்றும். எனவே விடையைப் பார்த்து மட்டும் இப்பிழையைக் கண்டறிய இயலாது.

பிழை வெளிப்படாமைக்கான காரணம்

வழிதல் நிகழ்ந்தால் எக்ஸ்86 வகைச் செயலி, ஓவர்ஃப்ளோ ஃபிளாக் எனும் பிட்டை 1 ஆக்கும். ஆனால் சி தொகுப்பி உருவாக்கும் இயந்திரமொழி நிரல் வழக்கமாக அதைச் சோதிப்பதில்லை. மேலும், குறியுடைய எண்ணுக்கும் குறியற்ற எண்ணுக்கும் ஒரே கூட்டல் கட்டளையே பயன்படுகிறது. ஆகவே மூலநிரல் இன்றி, தொகுக்கப்பட்ட கோப்பில் மட்டும் பிழையைத் தேடுவது கடினம்.

சி தரத்தின்படி, குறியற்ற எண் வழிந்தால் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடரும். குறியுடைய எண்ணின் வழிதலோ வரையறுக்கப்படாதது. இதனால், கூட்டிய பிறகு விடை குறைந்துள்ளதா என்று பார்க்கும் சோதனையைத் தொகுப்பி தேவையற்றதெனக் கருதி நீக்கிவிடக்கூடும்.

கண்டறியும் முறைகள்

1. முன்சோதனை: இரு நேர் எண்களைக் கூட்டும் முன், உச்ச எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். மற்ற எண் அதைவிடப் பெரியதாயின் வழிதல் நிகழும்.

2. சானிடைசர்: ஜிசிசி, கிளாங் தொகுப்பிகளில் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரை இயக்கித் தொகுத்தால், குறியுடைய எண் கணக்கீடுகளுடன் சோதனைகள் சேர்க்கப்படும். நிரல் ஓடும்போது வழிதல் நிகழ்ந்த வரி காட்டப்படும். ஓடாத பகுதிகள் சோதிக்கப்படுவதில்லை. எனவே பெரிய உள்ளீடுகளையும் கொடுத்துப் பார்ப்பது அவசியம்.

3. சோதனைச் சார்புகள்: சி23 தரத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றைச் செய்வதுடன், வழிதல் நிகழ்ந்ததா என்பதையும் தெரிவிக்கும் வசதி உள்ளது.

முக்கியத்துவம்

போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாட்கள் தொடர்ந்து இயங்கினால், அவற்றின் மென்பொருள் எண்ணி வழிந்து மாறுதிசை மின்சாரம் முழுவதும் நின்றுவிடக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க வான்போக்குவரத்து அமைப்பு எச்சரித்தது. நொடியின் நூற்றில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணினால், 32 பிட்டுக் குறியுடைய எண் நிரம்பவும் ஏறத்தாழ 248 நாட்களே ஆகும். சில நிமிடங்கள் மட்டும் ஓட்டிப் பார்க்கும் சோதனையில் இத்தகைய பிழை தென்படாது.