சீட்டு நடத்தும் தொழிற்சாலை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, ஜப்பானின் டொயோட்டா மோட்டார் ஸ்தாபனம் பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமன்று. 1950-இல் கடன் முற்றி, ஆட்குறைப்பு செய்ய நேர்ந்து, அதனால் பெரிய வேலைநிறுத்தமும் மூண்டு, ஸ்தாபகரான கீச்சிரோ டொயோடாவே தலைமைப் பதவியைத் துறக்கும்படியாயிற்று. அமெரிக்க ஆலைகளைப் போல ஒரே வகை உறுப்புகளை ஆயிரக்கணக்கில் செய்து கிடங்கில் அடுக்கி வைக்க அங்கே மூலதனமும் இல்லை. அவ்வளவையும் வாங்கித் தீர்க்கச் சந்தையும் இல்லை. வேண்டிய பொருள், வேண்டிய வேளையில், வேண்டிய அளவில் மட்டும் வந்து சேர வேண்டும் என்பது கீச்சிரோவின் பழைய லட்சியம். அதை நித்திய நடைமுறையாக்கியவர், கொரோமோ ஆலையின் யந்திரக் கூடத்தை நிர்வகித்து வந்த டைச்சி ஓனோ.

அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட்டுகளைப் பற்றி ஓனோ கேள்விப்பட்டிருந்தார். வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதை எடுத்துச் செல்ல, எடுத்த அளவுக்கு மட்டும் கடைக்காரர் அலமாரியை நிரப்பும் அந்த ஏற்பாட்டை, 1953-இல் அவர் தம் கூடத்தில் பிரயோகித்துப் பார்த்தார். முதல் கட்டத்தில் செய்ததை அடுத்த கட்டத்தின் மேல் தள்ளிவிடும் வழக்கத்தை மாற்றி, அடுத்த கட்டத்தார் வந்து கேட்டாலொழிய முந்திய கட்டத்தார் எதையும் செய்யலாகாது என்று விதித்தார். அந்தக் கேள்வியைச் சுமந்து செல்லும் சீட்டுக்குத்தான் கான்பான் என்று பெயர்.

பிளாஸ்டிக் உறைக்குள் செருகிய சாதாரணக் காகிதத் துண்டு அது. உறுப்பின் பெயர், எண், எந்தக் கூடத்திலிருந்து எந்தக் கூடத்துக்கு, பெட்டிக்கு எத்தனை என்பவை அதில் எழுதியிருக்கும். வண்டி பூட்டும் தொழிலாளி புதுப் பெட்டியில் கை வைக்கும்போதே, அதிலுள்ள சீட்டைக் கழற்றித் தபால் பெட்டி போன்ற ஒன்றில் போட்டுவிடுகிறார். அச்சீட்டை எடுத்துக்கொண்டு காலிப் பெட்டியுடன் யந்திரக் கூடத்துக்குப் போகிறவர், அங்கே நிறைந்திருக்கும் பெட்டியில் தொங்கும் வேறொரு சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தாம் கொண்டுவந்ததை அதில் மாட்டிப் பெட்டியைக் கொண்டு வருகிறார். கழற்றி வைத்த சீட்டே யந்திரக்காரருக்கு உத்தரவு. அதில் கண்ட அளவுக்கு மேல் ஒன்றுகூட அவர் செய்வதில்லை.

எத்தனை சீட்டு புழங்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. நாளொன்றுக்கு 400 உறுப்புகள் செலவாகி, பெட்டிக்கு 20 அடங்கி, போன சீட்டு பொருளோடு திரும்ப அரை நாள் ஆகுமென்றால், 10 சீட்டுகள் போதும். எதிர்பாராத தாமதத்துக்காக இரண்டு கூட்டி 12 என்று வைக்கலாம்.

இனித்தான் இம்முறையின் உயிர்நிலை வருகிறது. வேலை தடையின்றி ஓடுவதைக் கண்ட மேற்பார்வையாளர், ஒரு நாள் அந்தப் பன்னிரண்டில் ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறார். உடனே எங்கோ இடிக்கிறது: ஒரு யந்திரம் அடிக்கடி நிற்பதோ, ஓர் அச்சை மாற்ற நெடுநேரம் பிடிப்பதோ, பழுதான உறுப்பு நல்லதோடு கலந்து வருவதோ, அதுவரை கிடங்கின் குவியல் மறைத்து வைத்திருந்த குறை எதுவாயினும், அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதைச் சீர்செய்த பிறகு அடுத்த சீட்டை எடுக்கலாம். கையிருப்பைக் குறைத்துப் பணம் மிச்சப்படுத்தும் உபாயமென்று மட்டும் கான்பானைக் கருதுகிறவர்கள், இந்தப் பிரதான அம்சத்தைத் தவறவிடுகிறார்கள்.

1962-க்குள் டொயோட்டா ஆலைகள் முழுவதும் பரவிய சீட்டு, 1965-இல் உறுப்புகள் வழங்கும் வெளிக் கம்பெனிகளையும் எட்டியது. இதற்கு ஓர் அத்தியாவசிய நிபந்தனை உண்டு. திங்களன்று ஒரு வகை வண்டி முழுவதும், செவ்வாயன்று மற்றொரு வகை முழுவதும் என்றில்லாமல், எல்லா வகைகளையும் அன்றாடம் விரவிச் சீராகப் பூட்ட வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைத் தான் ஏற்காமல், வழங்குவோரை மட்டும் வேளைக்கு வேளை கொண்டுவா என்று நிர்ப்பந்திக்கும் பெரிய கம்பெனி, தன் கிடங்கைச் சிறியவர்கள் தலையில் ஏற்றி வைக்கிறதேயன்றி வேறொன்றும் செய்யவில்லை. அதைக் கான்பான் என்றழைப்பது அநியாயம்.

ஆபத்துக் காலத்தில் இம்முறை என்னாகும் என்பது 1997 பிப்ரவரி முதல் தேதி கரியா நகரத்து ஐசின் ஆலையில் தீப்பிடித்தபோது தெரிந்தது. பின்சக்கரப் பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் சிறு வால்வு, டொயோட்டாவுக்கு அனேகமாக அந்த ஓர் ஆலையிலிருந்தே வந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். வண்டி பூட்டும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஆனால், ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க, தையல் யந்திரம் செய்யும் பிரதர் கம்பெனி உட்பட, அதற்குமுன் அந்த வால்வைத் தொட்டே அறியாதவர்களும் அதைக் கடைந்து கொடுக்க, ஏறக்குறைய ஒரு வாரத்தில் உற்பத்தி மீண்டது. பல்லாண்டுகள் ஒருவர் குறையை ஒருவர் மறைக்காமல் பழகிய கூட்டத்துக்கே இது சாத்தியம் என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானின் 2011-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் மின்னணுச் சில்லுகளுக்குப் பெருந்தட்டுப்பாடு வந்தபின், சில மாதத் தேவைக்கான சில்லுகளை இருப்பில் வைத்திருக்கும்படி வழங்குவோரோடு டொயோட்டா ஏற்பாடு செய்துகொண்டது. இதைக் கான்பானைக் கைவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. சீட்டுக் கணக்கிலேயே, பொருள் திரும்பி வரப் பிடிக்கும் காலம் ஓர் அங்கம். அரை நாளில் வருவதற்குப் பத்துச் சீட்டு போதுமென்று சொன்ன அதே கணக்கு, செய்து முடிக்கவே மாதங்களாகும் சில்லுக்கு மாதக்கணக்கான இருப்பு வேண்டுமென்று சொல்கிறது.