ஏழு மில்லிமீட்டர் இட்லி

நான் முதன்முதலில் செய்த பொம்மை இட்லியின் அளவில் ஒரு குறையும் இல்லை. பொம்மை வீடு கட்டுபவர்கள் உலகெங்கும் பரவலாகப் பின்பற்றும் விகிதம் 1:12. நிஜத்தில் ஓர் அடி நீளம், பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். எட்டு சென்டிமீட்டர் இட்லி அந்தக் கணக்கில் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெள்ளை பாலிமர் களிமண்ணை உருட்டி, நடு உப்பலாகவும் ஓரம் மெலிவாகவும் அழுத்தி, அடுப்பில் வைத்து எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அதை மாத்திரை என்றார்கள்.

செப்பு வைத்து விளையாடி வளர்ந்தவர்களுக்குக் குட்டிப் பாத்திரங்கள் புதிதல்ல. ஆனால் அந்தப் பாத்திரங்களில் நாம் சமைத்தது பெரும்பாலும் கற்பனைச் சோறு. பாத்திரத்தைச் சிறிதாக்குவது எளிது, சோற்றைச் சிறிதாக்குவதுதான் கடினம். காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒரு பொருளின் நீள அகலத்தை நாம் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைக்கலாம். அதற்குள் புகும் ஒளியோ, அதில் ததும்பும் நீரோ கூடவே குறைவதில்லை.

மண் இல்லாத களிமண்

பாலிமர் களிமண்ணில் மண் கிடையாது. தண்ணீர்க் குழாய்கள் செய்யும் அதே பி.வி.சி.தான் இதற்கும் அடிப்படை. மைக்ரான் அளவிலான பி.வி.சி. துகள்களை, பிளாஸ்டிசைசர் எனப்படும் நெகிழ்வூட்டித் திரவத்தில் கலந்து, நிறமியும் நிரப்பியும் சேர்த்துப் பிசைந்தால் இந்த மாவு கிடைக்கும். குயவர் மண் காயும்போது நீர் வெளியேறுவதால் சுருங்கும். இதில் வெளியேற நீர் இல்லை. 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள நெகிழ்வூட்டியை உறிஞ்சி உப்புகிறது. பக்கத்துத் துகளின் மூலக்கூறுச் சங்கிலிகளோடு பின்னிக்கொண்டு ஒரே திடப்பொருளாகிறது. அதனால்தான் கடுகளவு வடையும் வெந்த பிறகு அதே கடுகளவில் இருக்கிறது.

இந்தப் பொருளின் வரலாறும் பொம்மையில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் புகழ்பெற்ற பொம்மை செய்பவரான கேத்தே குரூசேவின் கைக்கு 1939 வாக்கில் இத்தகைய ஒரு மாவு வந்தது. பொம்மைத் தலை வார்க்க அது ஒத்துவரவில்லை. வீட்டில் ‘ஃபிஃபி’ என்று அழைக்கப்பட்ட மகள் சோஃபி அதை எடுத்துக் கைவேலைக்கு ஏற்றதாக வளர்த்தெடுத்தார். 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அதை வாங்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் ‘ஃபிமோ’ என்ற பெயருக்குள் ஃபிஃபி ஒளிந்திருக்கிறார். அமெரிக்காவின் ‘ஸ்கல்பி’க்கு வேறு கதை. மின்மாற்றிகளின் உட்பகுதியிலிருந்து வெப்பத்தை வெளியே கடத்துவதற்காக உருவாக்கிய கலவை அது. அந்த வேலைக்குப் பயன்படாமல், சிற்பிகளின் கைக்கு வந்து சேர்ந்தது.

ஒளி எவ்வளவு தூரம் போகிறது?

என் இட்லி ஏன் மாத்திரையானது? நிஜ இட்லியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் லேசாக ஒளிரும். ஒளி மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடாமல் சில மில்லிமீட்டர் உள்ளே போய், மாவின் நுண்துளைகளுக்குள் சிதறி, வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. சோறு, பழம், பாலாடை எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. உணவு என்று கண் அடையாளம் காண்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வெள்ளைக் களிமண்ணின் நிறம் டைட்டானியம் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. ஒளியை மிக வலுவாகச் சிதறடித்து மேலேயே திருப்பி அனுப்பும் நிறமி அது. கண்ணுக்குச் சுண்ணாம்புதான் தெரியும். சரி, ஒளி புகும் களிமண்ணை மட்டும் வைத்துச் செய்தால்? அப்போது மெழுகுக் கட்டி போல ஆகிவிடும். இட்லி பன்னிரண்டு மடங்கு சிறுத்துவிட்டதால், ஒளி புகும் தூரமும் பன்னிரண்டு மடங்கு சிறுக்க வேண்டும். ஆகவே, ஒளி புகும் களிமண்ணை அதிகமாக எடுத்து, வெள்ளையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இரண்டுக்கும் நடுவே சரியான கலவையைத் தேட வேண்டும். என் நான்காவது கலவைதான் இட்லியானது.

மேற்பரப்புக்கும் இதே கணக்குதான். கைரேகையின் மேடுகள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. பொம்மை வீட்டு அளவில் அது ஆறு மில்லிமீட்டர் இடைவெளி. விரல் பட்ட இட்லியில் ஏர் உழுத சால் தெரியும். ரப்பர் கையுறை போட்டு அந்தத் தடத்தைத் தவிர்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தட்டினால் இட்லியின் நுண்துளைகள் வரும்.

வேகும், சிவக்காது

ரொட்டியின் மேற்பரப்பு அடுப்பில் பழுப்பாவது, மாவிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிவதால். 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமில் மயாரின் பெயரால் அது மயார் வினை எனப்படுகிறது. பாலிமர் களிமண்ணில் இரண்டுமே இல்லை. எவ்வளவு நேரம் வைத்தாலும் பொம்மைத் தோசை முறுகாது. அதனால் பழுப்பு, காவி, மஞ்சள் சாக் பேஸ்டல் குச்சிகளைச் சுரண்டிப் பொடியாக்கி, வேகாத தோசையின் மேல் தூரிகையால் தடவுகிறோம். நெகிழ்வூட்டியின் பிசுபிசுப்பில் பொடி ஒட்டிக்கொள்ளும். முறுகும் வரிசையை மாற்றக் கூடாது: முதலில் எங்கும் வெளிர்மஞ்சள், பிறகு கல்லில் அழுந்தும் இடங்களில் காவி, கடைசியாக ஓரத்தில் மட்டும் அடர்பழுப்பு.

பழத் துண்டுகளுக்கு வழி வேறு. முரானோ தீவின் கண்ணாடிக் கலைஞர்கள் கையாளும் ‘மில்லேஃபியோரி’ உத்தி இங்கே உதவுகிறது. ஆரஞ்சுச் சுளைகளை ஆப்பு வடிவத்தில் பெரிதாகச் செய்து, இடையே வெள்ளைத் தகடு வைத்து அடுக்கி, தோல் சுற்றி ஓர் உருளையாக்க வேண்டும். பிறகு அதை அழுத்தி உருட்டி நீட்ட வேண்டும். களிமண்ணின் கன அளவு மாறாது. விட்டம் பத்தில் ஒன்றானால் நீளம் நூறு மடங்காகும். ஐந்து சென்டிமீட்டர் விட்டமும் ஐந்து சென்டிமீட்டர் உயரமும் கொண்ட உருளை, ஐந்து மில்லிமீட்டர் விட்டத்தில் ஐந்து மீட்டர் நீளும். அதன் எந்த இடத்தில் வெட்டினாலும் அதே சுளைகள் இருக்கும். எல்லா நிறக் களிமண்ணும் ஒரே பதத்தில் இருப்பது முக்கியம். ஒன்று இளகியிருந்தால் அது முந்திக்கொண்டு நகர்ந்து சுளைகளைக் கோணலாக்கிவிடும். வெட்டும் முன் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மாவு இறுகி, கத்திக்கு நசுங்காது.

தளும்பாத காபி

மிகவும் படுத்தியது காபி டம்ளர்தான். நீரின் பரப்பு இழுவிசை விளிம்பில் திரவத்தை மேலே இழுக்கும். அதன் வீச்சு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். நிஜ டம்ளரில் அது கண்ணில் படாத ஓர வளைவு. ஆறு மில்லிமீட்டர் வாய் கொண்ட பொம்மை டம்ளரிலோ இரு பக்க வளைவுகளும் நடுவில் சந்தித்து, காபி கிண்ணம் போலக் குழிந்துவிடும். அதனால் டம்ளரைப் பழுப்புக் களிமண்ணால் நிரப்பித் தட்டையாக்கி, மேலே பளபளப்புக்கு மெல்லிய பூச்சு மட்டும் தருகிறேன். நுரைக் குமிழ்களை ஊசிமுனையால் குத்திக் காட்டுகிறேன்.

செய்ய விரும்புவோர் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூடு மிஞ்சினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேகாத களிமண் சிலவகைப் பிளாஸ்டிக் டப்பாக்களை இளக்கிவிடும். இதற்குப் பயன்படுத்திய கத்தியும் தட்டும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான உணவு போலவே இருக்கும் இந்தச் சிறு பொருட்கள் கைக்குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

பொம்மை உணவு செய்வது நுணுக்கமான கைவேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அதை முதலில் பார்க்கும் வேலையாக எண்ணுகிறேன். இந்தக் கலையைக் கற்க வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: களிமண்ணைப் பிரிக்கும் முன் ஓர் இட்லியை ஜன்னலோரம் வையுங்கள். ஒளி அதன் ஓரத்தில் எவ்வளவு தூரம் நுழைகிறது என்று பாருங்கள். அந்தத் தூரத்தைப் பன்னிரண்டால் வகுத்த பிறகு பிசையத் தொடங்குங்கள்.