ஓடை குடைந்த பாலம்

பாலம் என்றதும் மனிதர் கட்டிய பாலமே நம் நினைவுக்கு வரும். ஆனால், தன் வழியை மறித்த பாறையை ஓடை ஒன்று குடைந்து, மேற்பகுதியைப் பாலமாக நிறுத்திவிட்டுப் போயிருப்பதைக் காண விழைவோர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். அம்மாநிலத்தின் தென்கிழக்கே, ஏறக்குறைய 6,500 அடி உயரத்திலுள்ள வறண்ட மேட்டுநிலத்தில், ஒயிட் கேன்யன், ஆர்ம்ஸ்ட்ராங் கேன்யன் என்னும் பள்ளத்தாக்குகளில் இத்தகைய பாலங்கள் மூன்று உள்ளன. அவற்றுள் பெரியது சிபாப்பூ. உயரம் 220 அடி. அகலம் 268 அடி.

மேலே சாலையோரம் நின்று பார்த்தால், பாலமும் பாறையும் ஒரே நிறமாதலால் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. இறங்கினால்தான் அதன் பெருமை விளங்கும். இறங்குவதோ எளிதன்று. சுமார் 500 அடி ஆழம். வழுக்கும் மணற்பாறை, ஓர் இரும்புப் படிக்கட்டு, மூன்று மர ஏணிகள். அக்காலத்தில் வந்தவர்களுக்கு இவையும் இல்லை; பாறையை ஒட்டி நின்ற பெரிய மரமொன்றைப் பற்றிக்கொண்டே இறங்கினார்களாம். ஐம்பதைக் கடந்த என் முழங்கால்கள் முதல் ஏணியிலேயே முறையிடத் தொடங்கின. பாதி வழியில் பாறைத் திட்டு ஒன்று உண்டு. அங்கிருந்தே பாலம் முழுமையாகத் தெரியும். உடன் வந்த அன்பர் ஒருவர், தம் நீர்க்குப்பியில் பாதி காலியானதைக் கண்டு அங்கேயே அமர்ந்துவிட்டார். அவரை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. இறங்கியவன் ஏறியாக வேண்டும். பாலைவனத்தில் தண்ணீரே கடிகாரம்.

அடியில் ஓக் மரங்களின் நிழல். ஓடை பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. இத்தகைய ஓடையா இதனைச் செய்தது என்று வியப்போம். மழை பெய்தால் கதை வேறு. மணலையும் கல்லையும் உருட்டிக்கொண்டு வெள்ளம் திடீரெனப் பாய்கிறது. முற்காலத்தில் ஓடை பாம்புபோல் வளைந்து வளைந்து சென்றது. இரு வளைவுகளுக்கும் இடையே மெல்லிய பாறைச் சுவர் நின்றது. இருபுறமும் மோதிய வெள்ளம் அச்சுவரைத் தேய்த்துத் துளைத்தது. நீர் குறுக்கு வழியைப் பிடித்தது. பழைய வளைவு கைவிடப்பட்டது. மழையும் உறைபனியும் அரித்து உண்டாகும் பாறை வளைவுகளுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

1883-ஆம் ஆண்டு, பொன் தேடி அலைந்த காஸ் ஹைட் என்பவர் இப்பாலங்களைக் கண்டு, குடியரசுத் தலைவர், செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர் எனப் பெயரிட்டார். அவருக்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இங்கு வாழ்ந்ததற்குப் பாறை இடுக்குகளிலுள்ள கல்வீடுகள் சான்று. 1908-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இவ்விடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். பின்னர் ஹோப்பி மக்களின் மொழிப் பெயர்களே நிலைத்தன. முன்னோர் இவ்வுலகுக்கு ஏறிவந்த வாயிலை அவர்கள் சிபாப்பூ என்பர். அரசியல் பதவிப் பெயர்களைவிட இது எவ்வளவோ பொருத்தம்!

ஏறும்போது மூன்று இடங்களில் அமர்ந்தேன். அந்த அன்பர் தம் குப்பியில் மிச்சம் வைத்திருந்த நீரை எனக்கே தந்தார்.

பாலங்களும் நிலையானவை அல்ல. 1992-இல் கச்சினா என்னும் பாலத்திலிருந்து சுமார் 4,000 டன் பாறை சரிந்து விழுந்தது. மூன்றாவதான ஒவாச்சோமோவின் அடியில் இப்போது ஓடையே இல்லை. 180 அடி அகன்ற அதன் நடுப்பகுதியின் கனம் 9 அடியே. மாலையில் அதன் கீழே சிறிது நேரம் நின்றோம். பிறகு, ஒருவரும் சொல்லாமலே, அப்பால் நகர்ந்துகொண்டோம்.