மலத்தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது?



வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முன்வாசலைக் காட்டுவோம், சாமி மேடையைக் காட்டுவோம், புதிதாகப் போட்ட சமையல்கட்டைக் காட்டுவோம். பின்னால் மூடி போட்டுக் கிடக்கும் மலத்தொட்டியை யாரும் காட்டுவதில்லை. அது பொங்கி வழிந்து, நாற்றம் அடுத்த லயம் வரைக்கும் அடிக்கும்போதுதான் "யாராவது ஆளைக் கூப்பிடுங்க" என்று ஓடுகிறோம். அதற்குள் அந்தத் தண்ணீரில் பிள்ளைகள் நாலு நாள் மிதித்து விளையாடியிருப்பார்கள்.

தோட்டத்தை விட்டு வெளியேறி, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டும் தோழர்கள் இன்று பலர். லயத்தில் இருந்தவரை கக்கூஸ் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. சொந்த வீட்டில் அது நம் பொறுப்பு. ஆகவே, மலத்தொட்டிக்குப் பின்னால் கழிவுநீரை மண்ணில் இறக்கும் முறையைப் பற்றி, குறிப்பாகப் பம்பு வைத்துச் சீராகப் பாய்ச்சும் முறையைப் பற்றி, இந்த இதழில் விளக்குகிறோம்.

தொட்டி செய்வது பாதி வேலைதான்

மலத்தொட்டியில் கனமான கசடு அடியில் தங்கும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வெளியே போகும். பார்க்க ஓரளவு தெளிவாக இருப்பதால் "தொட்டி சுத்தம் பண்ணிடுச்சு" என்று நினைக்கிறோம். அது தவறு. அந்தத் தண்ணீரில் குடற்காய்ச்சல், வாந்திபேதி, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் இருக்கலாம். குடற்புழுக்களின் முட்டைகளும் இருக்கலாம்.

கொக்கிப்புழுவை நம் பாட்டன்மார் நன்றாக அறிவார்கள். ஈரமான நிழல் மண்ணில் வளரும் அதன் குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். 1915 முதல் 1917 வரை டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழு மலாயா, ஜாவா, பீஜித் தீவு ஆகிய இடங்களுக்கு வந்து இந்தப் புழுவை ஆராய்ந்தது. நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மலம் மண்ணில் பரவாமல் தடுக்க வேண்டும் என்பதுதான் அன்று முதல் இன்று வரை மருத்துவம் சொல்லும் பாடம்.

ஆகவே, தொட்டி பாதி வேலையைச் செய்கிறது. மீதி வேலையைச் செய்வது மண். தொட்டித் தண்ணீர் காற்றோட்டமுள்ள மண்ணில் மெதுவாக இறங்கும்போது, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கெட்ட கிருமிகளை அழிக்கின்றன. அதற்குக் குழிக்கு அடியில் குறைந்தது 2 முதல் 4 அடி ஆழத்துக்கு நீர் தேங்காத மண் வேண்டும். கழிவுநீர் நேராக நிலத்தடி நீரில் கலந்துவிட்டால், அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

பம்பு எதற்கு?

பழைய முறையில் தண்ணீர் தானாக ஓடி, ஓட்டை போட்ட பெரிய குழாய் வழியாக மண்ணில் இறங்கும். மண் நன்றாக இருந்து, இடமும் தாராளமாக இருந்தால் அதுவே போதும். பம்புக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஆனால், களிமண் நிலத்திலும் கடலோரத் தாழ்வான நிலத்திலும் இது சரிப்படாது. தண்ணீர் முழுவதும் குழாயின் முதல் சில அடிகளிலேயே இறங்கிவிடும். அந்த இடம் எப்போதும் நனைந்து, கறுப்பாக வழவழவென்று பாசி போல அடைத்துக்கொள்ளும். பிறகு அடுத்த சில அடி அடைக்கும். கடைசியில் தண்ணீர் புல்தரைக்கு மேலே வந்து நிற்கும்.

ரப்பர் மரம் வெட்டிய கைகளுக்கு இதை எளிதில் சொல்லலாம். ஒரே மரத்தைத் தினமும் வெட்டுகிறோமா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டி, மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம். ஓய்வு இல்லாவிட்டால் பட்டை காய்ந்துபோகும். மண்ணும் அப்படித்தான். கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, காற்று உள்ளே போக நேரம் விட்டு, பிறகு மறுபடி கொடுக்க வேண்டும். பம்பு முறையில் நடப்பது இதுதான். ஒரு நாளைக்குச் சில தடவை, அளவாக, நிலம் முழுவதும் ஒரே மாதிரியாகத் தண்ணீர் பாய்கிறது.

முதலில் மண்ணைச் சோதியுங்கள்

எத்தனை தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள். நம் நாட்டில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று கணக்கு வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 1,125 லிட்டர். அதாவது, 18 லிட்டர் மண்ணெண்ணெய் டின்னில் 60 டின்னுக்கு மேல்! அத்தனையையும் உங்கள் மண் தினமும் குடிக்க வேண்டும்.

குடிக்குமா என்று தெரிந்துகொள்ள, வடிகுழி வரப்போகும் ஆழத்துக்கு ஓர் அடி அகலக் குழி தோண்டுங்கள். பக்கச் சுவரைக் கத்தியால் கீறிவிட்டு, தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊற விடுங்கள். மறுநாள் 6 அங்குலம் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஒரு அங்குலம் இறங்க 60 நிமிடத்துக்கு மேல் ஆனால், அந்த மண்ணில் சாதாரண வடிகுழி நிற்காது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கினாலும் ஆபத்துதான். வடிகட்டாமலே கிணற்றுக்குப் போய்விடும்.

இன்னொரு குழியை 5, 6 அடி தோண்டிப் பாருங்கள். சிவப்பு மண்ணுக்குள் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால், மழைக்காலத்தில் நீர்மட்டம் அதுவரை ஏறுகிறது என்று பொருள். வெயில் காலத்தில் காய்ந்த குழியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சோதனை முடிந்ததும் இரண்டு குழியையும் மூடிவிடுங்கள்.

கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி இடம் பாருங்கள். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் வேண்டவே வேண்டாம். வேலையைத் தொடங்கும் முன் உள்ளூர் மன்றத்தின் அனுமதியையும் கேளுங்கள். பக்கத்திலேயே பொதுக் கழிவுநீர்க் குழாய் போனால் அதில் இணைப்பதே நல்லது.

அமைக்கும் விதம்

1. மலத்தொட்டியின் வெளிவாயில் ஒரு வடிகட்டி பொருத்த வேண்டும். அது இல்லாவிட்டால் கசடு பம்புக்குள் போய்க் கெடுத்துவிடும்.

2. அடுத்தது பம்புத் தொட்டி. பம்பைத் தரையில் வைக்காமல் ஒரு கல்லின் மேல் உயர்த்தி வையுங்கள். உள்ளே மிதவை சுவிட்சுகள் மூன்று: நிறுத்த ஒன்று, ஓட்ட ஒன்று, நீர் அளவுக்கு மேல் ஏறினால் மணியடிக்க ஒன்று. மணிக்குத் தனி மின்கம்பி வேண்டும். பம்பு கெட்டு மின்சாரம் அறுந்தாலும் மணி அடிக்க வேண்டும் அல்லவா? கரண்ட் போனாலும் ஒரு நாள் தண்ணீரைத் தாங்கும்படி தொட்டியில் இடம் இருக்கட்டும். மின்சார வேலையை உரிமம் பெற்றவரிடம் மட்டுமே கொடுங்கள்.

3. வடிகுழிகளைச் சரிவின் குறுக்கே வெட்டுங்கள். மேலிருந்து கீழாக வெட்டினால் தண்ணீர் எல்லாம் கீழ்முனைக்கு ஓடிவிடும். அடித்தளம் மட்டமாக இருக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது வெட்டாதீர்கள். மண்வெட்டி பட்ட இடம் மெழுகியது போல் அடைத்துக்கொள்ளும். லாரியையோ டிராக்டரையோ அந்த இடத்தில் ஏற விடாதீர்கள்.

4. தூசி இல்லாமல் கழுவிய கருங்கல் ஜல்லியை 6 அங்குலம் பரப்பி, அதன்மேல் 1 முதல் 1½ அங்குல பி.வி.சி. குழாய் போட வேண்டும். குழாயில் அரைக்கால் முதல் கால் அங்குல ஓட்டைகள், ஒரே இடைவெளியில். துளைத்த பிசிறுகளை நன்றாகச் சுரண்டி எடுங்கள். ஒவ்வொரு குழாயின் கடைசி முனையும் தரைக்கு மேலே வந்து மூடி போட்டிருக்க வேண்டும். பிற்காலத்தில் கழுவிவிட அதுதான் வழி.

5. மூடுவதற்கு முன், நல்ல தண்ணீர் விட்டுப் பம்பை ஓட்டிப் பாருங்கள். ஓட்டைகளை மேல்நோக்கி வைத்தால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்குப் பீறிட வேண்டும். பொதுவாக 2 முதல் 5 அடி வரை வைப்பார்கள். ஒரு முனையில் ஆள் உயரம், மறுமுனையில் முழங்கால் உயரம் என்றால் வேலை சரியில்லை. குத்தகைக்காரர் இதைக் காட்டாமல் மூட வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

6. பிறகு ஓட்டைகளுக்குக் கவசம் வைத்து, ஜல்லியும் துணியும் மண்ணும் போட்டு, நடுவில் சற்று மேடாக மூடிப் புல் நடுங்கள். கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் வரவே கூடாது. அங்கே மரவள்ளிக்கிழங்கும் வேண்டாம், மரமும் வேண்டாம். "சும்மா கிடக்கிற இடந்தானே" என்று நட்டால், பறித்துச் சாப்பிடுகிறவர்கள் உங்கள் பிள்ளைகள்தான்.

பராமரிப்பு

2 ஆண்டுக்கு ஒருமுறை லாரி வரவழைத்துக் கசடு எடுங்கள். இண்டா வாட்டர் சொல்வதும் அதே கணக்குதான். வடிகட்டியைக் கழுவவும், ஆண்டுக்கொருமுறை குழாய் முனைகளைத் திறந்து அலசவும் மறக்க வேண்டாம். பொரித்த எண்ணெய், துணி, பிள்ளைகளின் அணையாடை, இவை எதையும் டாய்லெட்டில் போடாதீர்கள். "நாறுது, ஒரு வாளி குளோரின் ஊத்து" என்பார்கள் சிலர். அது தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்களைத்தான் கொல்லும்.

உயிர் போகும் விஷயம்

இதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். மலத்தொட்டிக்குள்ளோ பம்புத் தொட்டிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. தலையை நீட்டியும் பார்க்கக் கூடாது. உள்ளே அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயு இருக்கும். அது அதிகமானால் மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாது. இறங்கியவர் சில வினாடிகளில் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் அண்ணனும் தம்பியும் அதே இடத்தில் விழுவார்கள். ஒருவர் விழுந்துவிட்டால், இறங்காமல் 999-க்கு அழையுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் கூடாது. எரியும் வாயுவும் உள்ளே உண்டு. மூடி கனமாக, பூட்டுடன் இருக்கட்டும். உளுத்துப்போன பலகை மூடியின் மேல் ஒரு குழந்தை ஏறினால் போதும்.

லயத்தில் இருப்பவர்களுக்கு

தோட்ட வீட்டில் தொட்டி வழிந்தால், காசு சேர்த்து நீங்களே ஆள் பிடிக்காதீர்கள். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டப்படி, தான் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை. வழிந்த நாளைக் குறித்து வையுங்கள். படம் எடுங்கள். கிளைச் செயலவையிடம் எழுத்தில் கொடுங்கள். நிர்வாகம் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகாவும் மாவட்டச் சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. வாய்ச்சொல் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது நிற்கும்.

தோழர்களே, வீட்டுக்கு முன்னால் பூச்செடி வைக்கிறோம். பின்னால் போகும் தண்ணீரையும் ஒரு நாள் நின்று கவனிப்போம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் தொட்டியின் மூடியை ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா, சுற்றிலும் ஈரம் இருக்கிறதா? இருந்தால் திங்கட்கிழமையே வேலையைத் தொடங்குங்கள். அதுவரை பிள்ளைகள் அந்தப் பக்கம் சிலிப்பர் போடாமல் போக வேண்டாம்.