கடற்கரையில் ஓர் அறிவியல் பாடம்

வால்பாறையில் இருவாய்ச்சிப் பறவை பறக்கும்போது அதன் சிறகோசை வெகுதூரம் கேட்கும். சிறகின் அடியில் இறகுகளுக்கிடையே காற்றுப் புகுவதே காரணம். ஏனென்று வினவும் சிறுவனை வெளியே அழைத்துச் சென்று காட்டுவதன்றோ பாடம்!

இராமேசுவரத்தில் அவ்வாறு காட்டியவர் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார், மாணவர்க்கு விளங்கவில்லை. அன்று மாலையே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் காட்டினார். அம்மாணவருள் ஒருவரே, 2002-இல் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம்.

கலாம் 1999-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் கூறும் மற்றொரு நிகழ்ச்சியே என் நெஞ்சை விட்டு அகலாதது. ஐயர் ஒருநாள் அவரைத் தம் இல்லத்தில் உணவருந்த அழைத்தார். ஆசாரம் மிகுந்த மனைவியோ, முஸ்லிம் சிறுவனுக்குத் தம் அடுக்களையில் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் சினந்தாரில்லை. தம் கையாலேயே பரிமாறி, அருகமர்ந்து தாமும் உண்டார். கதவின் பின்னிருந்து அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் வரச் சொன்னார் ஐயர். சிறுவன் தயங்கினான், ஆயினும் சென்றான். இம்முறை அவ்வம்மையாரே அவனை அடுக்களைக்குள் அழைத்துச் சென்று, தம் கையால் சோறிட்டார்.